நாலாயிரத்தில் நூறு

எனக்குப் பாம்புக் காது. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, பட்டறையில் வைத்த பெயரே அதுதான். "பாம்பு வந்தாச்சா?" என்றுதான் முதலாளி காலையில் கேட்பார். அடுத்த அறையில் யாராவது என்னைப் பற்றி முணுமுணுத்தால் இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுப்பேன். வாயும் காதுக்கு இளைத்ததில்லை.

எங்கள் தொழில், ஆஸ்பத்திரிகளில் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் மெஷின்களைப் பழுதுபார்ப்பது, அளவு சரிதானா என்று சோதித்துச் சீட்டு ஒட்டுவது. இருபத்தாறு வருடமாக இதே மேசை. ஆரம்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மீட்டர் வைத்து அளந்தபிறகு நானும் ஹெட்போனை மாட்டி ஒரு தடவை கேட்பேன். மிக மெல்லிய சத்தம். ஐந்து டெசிபலில் எனக்குக் கேட்க வேண்டும், அதைவிடச் சன்னமாக வரும் பூஜ்யத்தில் கேட்கக் கூடாது. அப்படி இருந்தால்தான் சீட்டு. மீட்டரே தப்பாக இருந்ததை இரண்டு முறை நான் காதால் பிடித்தேன். அன்றைக்கு எனக்குக் கொம்பு முளைத்தது. அப்புறம் வேலை கூடியது, நல்ல மீட்டர் வாங்கினோம், நான் கேட்பது தானாக நின்றுபோனது. பெயரும் கொம்பும் மட்டும் அப்படியே இருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி மெஷின் பேச்சு மூச்சில்லாமல் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐசி போயிருந்தது. என் சுண்டு விரல் நகத்தில் பாதிதான் இருக்கும் அது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, பெருக்கல். ஒரே பலத்தில் ஒரு சத்தம் உள்ளே வரும். வெளியே எவ்வளவு போக வேண்டும் என்று மெஷினின் மூளை ஒரு எண்ணைச் சொல்லும். சொல்வதற்கும் மூன்றே கம்பிதான். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று ஒவ்வோர் இலக்கமாக வரிசையில் தள்ளிவிட வேண்டும், எல்லாம் உள்ளே போனதும் 'எடுத்துக்கோ' என்று கடைசிக் கம்பியில் ஒரு தட்டு. பழைய ஐசி அப்படிப் பதினான்கு இலக்கம் வாங்கும். அதன் முழுக் கணக்கு பதினாறாயிரம் சொச்சம். நூறு என்று சொன்னால் பதினாறாயிரத்தில் நூறு பங்கு சத்தம் வெளியே வரும்.

கடையில் அந்த ஐசி இல்லை. கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்தார். "அதே குடும்பம்தாம்மா. காலெல்லாம் அச்சு அசல் அப்படியே. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். பெயரில் கடைசி இரண்டு எழுத்து மாறியிருந்ததைப் பார்த்தேன், கம்பெனிக்காரன் கொடுக்கும் விவரத் தாளைப் புரட்டவில்லை.

அந்த வாரம் பார்த்து மீட்டர் எங்களிடம் இல்லை. அதுவும் சரியாக அளக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே சோதனைக்குப் போகும், போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன்.

"மீட்டர் வரட்டும். நாலு நாள்ல என்ன குடியா முழுகிடப் போகுது?" என்றார் முதலாளி.

"என் காது இருக்கறப்ப மீட்டர் எதுக்கு? அதுக்கு பேட்டரி போடணும். எனக்கு ஒரு டீ போதும்" என்றேன் நான்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஹெட்போனை மாட்டினேன். ஐந்தில் கேட்டது. பூஜ்யத்தில் கேட்கவில்லை. கச்சிதம். சீட்டில் கையெழுத்துப் போட்டேன். மீட்டர் வந்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று முதலாளி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மீட்டர் வந்தது. காகிதம் எப்போது விழுந்ததோ, யார் பெருக்கித் தள்ளினார்களோ.

என் தங்கச்சிக்கு ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. வீட்டில் அவளை 'என்ன' என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் முதலில் "என்ன?" என்பாள், மறுபடி சொன்னால்தான் நகர்வாள். "என்ன எழுந்தாச்சா?", "என்ன குளிச்சாச்சா?" என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கும்போது முன் இரண்டு பல்லும் முழுதாகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கவனம் இல்லை, சொன்னதைச் செய்வதில்லை, சொல்லி எழுதச் சொன்னால் வேறு எதையோ எழுதுகிறாள் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். என் தங்கச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எங்கள் குடும்பச் சொத்து அது.

"கரடியாக் கத்தினாலும் காதுல ஏற மாட்டேங்குதுக்கா. செவிடன் காதுல ஊதின சங்குதான்."

"அப்ப காதையே சோதிச்சுப் பாத்துடலாமே. அந்த ஆஸ்பத்திரி மெஷின் போன வாரம்தான் என் கையால சரியாகிப் போச்சு. வா, நானும் வரேன்" என்றேன்.

போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தினால் வெளியே ஒரு பச்சை விளக்கு எரியும். குழந்தைக்கு இருபது டெசிபலுக்குள் கேட்டால் குறையில்லை என்பது கணக்கு. இருபதில் விளக்கு எரிந்தது. இரண்டு காதுக்கும் எரிந்தது. சோதிக்கிற அம்மா காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்.

"காது நல்லாத்தான் இருக்கு. கவனம்தான் பத்தல. கொஞ்சம் கண்டிச்சு வளருங்க."

திரும்பும் பஸ்ஸில் தங்கச்சி என் பக்கம் குனிந்தாள். "கேட்டியாக்கா? எல்லாம் கேக்குது மகாராணிக்கு."

"வேணும்னேதான் பண்றா. அந்த மெஷின் பொய் சொல்லாது" என்றேன் நான்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் நான்தான் சொன்னேன். யாரும் என் வாயில் ஊட்டவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. "இறங்குடி" என்றாள் தங்கச்சி, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே. பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்றாள். பளார் என்று விழுந்தது. அதற்கு முன்னால் அவளை யாரும் அடித்ததே இல்லை. அவளுடைய தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை. அந்த அடி தங்கச்சியின் கையால் விழுந்தது, அதற்குத் தைரியம் கொடுத்தது நான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு 'என்ன'வுக்கும் ஒரு கிள்ளு, ஒரு குட்டு. ஆறே மாதத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எதைச் சொன்னாலும் "சரி" என்று தலையாட்டினாள். எங்களுக்கெல்லாம் ஏகச் சந்தோஷம். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் தங்கச்சி. வீட்டுக்கு வந்தவர்கள் எவ்வளவு அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். பேசுகிறவர்களின் வாயையே அவள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதை நான் மரியாதை என்று நினைத்தேன். மதிப்பெண் மட்டும் பரீட்சைக்குப் பரீட்சை இறங்கியது. கூட விளையாட வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

அந்த மெஷின் போன மாதம் திரும்பி வந்தது. ஒரு வருடத்தில் வந்திருக்க வேண்டியது, ஆஸ்பத்திரி இழுத்தடித்து இரண்டு வருடமாக்கியிருந்தது. பழுதொன்றும் இல்லை, வருடாந்திரச் சோதனைதான். மீட்டரை வைத்தேன். திரையில் இருபது, மீட்டரில் முப்பத்திரண்டு. நாற்பது வைத்தேன், ஐம்பத்திரண்டு. எதை வைத்தாலும் பன்னிரண்டு கூடுதல்.

மீட்டர்தான் கெட்டுப்போய்விட்டது என்று அதைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்னொரு மெஷினில் வைத்தேன், மீட்டர் தங்கமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன். நான் ஈயம் வைத்த இடம் எனக்குத் தெரியும், வலது மூலையில் எப்போதும் ஒரு பொட்டுக் கூடுதலாக வைப்பேன். லென்ஸை வைத்து ஐசியின் பெயரைப் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் புரட்டியிருக்க வேண்டிய விவரத் தாளை அன்றைக்குப் புரட்டினேன். பன்னிரண்டு இலக்கம்தான் அது வாங்கும். மெஷின் பழைய பழக்கத்தில் பதினான்கைத் தள்ளுகிறது. முன்னால் வரும் இரண்டையும் கீழே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இது வைத்துக்கொள்கிறது. இந்த மெஷினில் அந்த இரண்டும் எப்போதும் பூஜ்யம்தான். அதனால் எதுவும் கரகரக்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. ஆனால் பன்னிரண்டு இலக்கத்தின் முழுக் கணக்கு நாலாயிரம் சொச்சம். பதினாறாயிரத்தில் நூறும் நாலாயிரத்தில் நூறும் ஒன்றாகுமா? நாலு மடங்கு சத்தம். எங்கள் கணக்கில் பன்னிரண்டு டெசிபல்.

அப்படியானால் என் காது எப்படி அதைச் சரி என்றது? அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. பன்னிரண்டு கூடுதலாக இருந்தால் பூஜ்யத்திலேயே எனக்குக் கேட்டிருக்க வேண்டுமே.

அலமாரியில் அன்று காலைதான் மீட்டர் வைத்துச் சரிபார்த்த மெஷின் ஒன்று இருந்தது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஐந்து. ஒன்றுமில்லை. பத்து. ஒன்றுமில்லை. பதினைந்து. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினேன். இருபதில்தான் எங்கோ தூரத்தில் 'கீ' என்றது.

மெஷின் எவ்வளவு கூட்டியதோ, அன்றைக்கே என் காது அவ்வளவு குறைந்திருந்தது. ஒரு தப்பு இன்னொரு தப்புக்கு முட்டுக் கொடுத்து ஐந்து என்ற இடத்தில் கச்சிதமாக நின்றிருக்கிறது. மீட்டரைக்கூட வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பினோம். என் காதை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

எங்கள் அம்மாவும் நாற்பதைத் தாண்டியதும் டிவியை அலறவிடுவாள். நானும் தங்கச்சியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது. அப்படியானால் வேறு யாருக்கு வந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே மேசையை இழுத்துத் திறந்தேன்.

என் டிராயரில் அப்புறம் வாங்கிப் போட்ட சரியான ஐசி இரண்டு இருந்தன. முதலாளி வெளியே போயிருந்தார். பத்து நிமிட வேலை. மாற்றினேன். ஆமாம், யாரிடமும் சொல்லாமல் மாற்றினேன். மீட்டர் இருபதுக்கு இருபது காட்டியது. பழைய ஐசியை விரல் நுனியில் எடுத்துக் குப்பைக் கூடைக்கு மேலே கையை நீட்டினேன். விரலைப் பிரித்திருந்தால் கதை அதோடு முடிந்தது. புதுச் சீட்டு, புதுக் கையெழுத்து, யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் விழுந்த அறைதான் என் நினைவுக்கு வந்தது. விரல் பிரியவில்லை. என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கை அந்தரத்தில் வெகு நேரம் நின்றது.

முதலாளி வந்ததும் அதை அவர் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் காதைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பேரு அந்த மெஷின்ல உக்காந்திருப்பாங்க?"

"ஆஸ்பத்திரில கேட்டேன். அறுநூத்துச் சொச்சம். பாதிக்கு மேல குழந்தைங்க."

அவர் சுவரைப் பார்த்தார். அப்புறம், "துண்டுச் சீட்டு எழுதி ஒட்டினேனே, நானாவது ஒரு தடவை நிமிந்து பாத்திருக்கலாம்" என்றார்.

"நான் வேலைய விட்டுடுறேன்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "விட்டுட்டு? நீ வீட்டுக்கு ஓடிட்டா அறுநூறு பேருக்கும் காது கேட்டுடுமா? ஒழுங்கா உக்காரு. ஆஸ்பத்திரிக்கு நான் கடிதம் எழுதறேன். அவங்க பட்டியல் கொடுக்கட்டும், ஒவ்வொருத்தருக்கா நீ போன் பண்ணு. திட்டினா வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பட்டியலில் ஒரு பெயருக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. அடுத்த தெருவில்தான் வீடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அவளை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது. குறை ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் தங்கச்சியிடம் வாயே திறக்க வேண்டாம். நோட்டுப் புத்தகம் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இப்போது அவளுக்குப் பதினொன்று. என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

சரிசெய்த மெஷின் அதே கண்ணாடி அறையில் இருந்தது, அதே அம்மாவும் இருந்தார். கடிதம் அவருக்கும் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன், அவர் பிள்ளையைத்தான் பார்த்தார்.

இருபதில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் முகம் மாறவில்லை. இன்னொரு தடவை செய்தார், எரிந்தது. சத்தமே கொடுக்காமல் கையை மட்டும் மெஷின்மேல் அசைத்தார். அப்போதும் எரிந்தது.

"என் முழங்கையைப் பாத்து அழுத்துறா" என்றார் மெதுவாக.

உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். இப்போது அவளுடைய முதுகும் இரட்டைப் பின்னலும்தான் எங்களுக்குத் தெரிந்தன. இருபது. விளக்கு எரியவில்லை. இருபத்தைந்து. முப்பது. அன்றைக்கு இந்த இடத்தில்தான் இவள் அழுத்தியிருக்க வேண்டும். முப்பத்தைந்து. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ தேடுவதுபோல உட்கார்ந்திருந்தாள். நாற்பது. எரிந்துவிடு, எரிந்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். நாற்பத்தைந்தில் விளக்கு எரிந்தது.

"அன்னிக்கு முப்பதுல இருந்திருக்கும். இப்பக் காது இன்னும் மங்கிடுச்சு. மெல்லிசா வர்ற எழுத்தெல்லாம் இவளுக்கு விழவே விழாது. மிச்சத்தை வாயைப் பாத்துச் சேத்துக்கிறா. காதுக்குக் கருவி வச்சா வகுப்புல கேக்கும். ரெண்டு வருஷம் முன்னாடியே..." அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். கோடு போட்ட காகிதத்தை என்னிடம் நீட்டினார். "கண்டிச்சு வளருங்கன்னு சொன்ன வாய் இதுதான்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் நடக்கிற வழிப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் சொல்வதற்கு முன்னால் இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் துடித்தது. ஆனால் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பான ஐசி போட்டது, என் காது, மெஷின், அவளுடைய அம்மா அடித்த அடி எல்லாம். "என்னை மன்னிச்சுடுடா கண்ணு" என்று முடித்தேன்.

"சரி பெரியம்மா" என்றாள்.

அவ்வளவுதானா! பாரம் இறங்கியது. குழந்தை மனசு என்பது இதுதான் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் அந்த நிம்மதியில் போனேன். மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது, இரைச்சல் கூடியது. சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

"நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு."

அவள் பயந்துபோனாள். என் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மறுபடி வாயைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேள்வி கேட்டால் இப்படித்தான் நிற்பாள்போல.

"சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு" என்றாள்.

பாவி, நான் எதைத்தான் வாங்கிக்கொண்டேன்? பஸ் முழுக்க ஆள் இருந்தும் அழுதேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நாங்கள்தானே பழக்கியிருந்தோம்.

வீட்டில் தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நோட்டு எங்க?" என்றாள். நான் இரண்டு நாற்காலியை எதிரெதிரே இழுத்துப் போட்டேன். ஒன்றில் பிள்ளையை உட்காரவைத்து எதிரில் நான் உட்கார்ந்தேன். முழங்கால் முட்டியது. அவள் மோவாயை நிமிர்த்தி, என் வாய் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"உனக்குக் காது சரியா கேக்கல. அன்னிக்கும் கேக்கல. மெஷின் தப்பு. அந்த மெஷினைத் தப்பாக்கினது நான்."

தங்கச்சியின் கையில் பாதி மடித்த பாவாடை இருந்தது. நான் காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு டெசிபல், நாலாயிரத்தில் நூறு என்று என்னென்னவோ உளறினேன்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நீதானே சொன்ன? பஸ்ல. வேணும்னேதான் பண்றான்னு. மெஷின் பொய் சொல்லாதுன்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"உன் பேச்சை நம்பித்தானேக்கா அடிச்சேன்? ரெண்டு வருஷம் அடிச்சேனே. இந்தக் கையை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், அதைச் சொல்லு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். துணிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு விழுந்ததோ, எவ்வளவு தவறியதோ. பிறகு என் கையைத் தொட்டாள்.

"அப்ப நான் வேணும்னு பண்ணலையா பெரியம்மா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருடமாக அவளும் அதை நம்பியிருக்கிறாள். எல்லோருக்கும் கேட்பது தனக்கும் கேட்கிறது, தான்தான் ஏதோ கெட்ட புத்தியால் அதை வாங்கிக்கொள்ளாமல் இருக்கிறோம் என்று.

"இல்லடா" என்றேன் நான். "இல்லடி தங்கம், இல்லவே இல்ல" என்றாள் தங்கச்சி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அழுகையோடு, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து சொன்னோம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டப் போனவள் நிறுத்தினாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

தங்கச்சி தரையில் நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.